விளக்கு எரியும் காட்சி

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு வெள்ளை சாட்டின் துணித்துண்டு இருக்கிறது. நாலு விரல் நீளம், இரண்டு விரல் அகலம். சட்டையின் உள்பக்கம் விலாவோரம் தைத்திருக்குமே, எந்தத் தண்ணீரில் துவைப்பது, இஸ்திரி போடலாமா கூடாதா என்று பொடி எழுத்தில் போட்ட லேபிள், அதே துணிதான். ஆனால் இதில் துவைக்கும் விவரம் எதுவும் கிடையாது. 'கடைசி ஞாயிறு, காலை 11 மணி. சிறப்புக் காட்சி. அரங்கில் விளக்கு எரியும். கைவேலை கொண்டு வரலாம்' என்று அச்சாகியிருக்கிறது. பஸ்ஸில் சில்லறை தேடும்போது இது வெளியே வந்து விழும். பக்கத்துச் சீட்டில் இருப்பவர்கள் எடுத்துக் கொடுத்துவிட்டு, "சினிமா ஓடறப்ப லைட் எரியுமா? இதென்னங்க கூத்து?" என்பார்கள். கூத்துதான். இறங்கும் இடம் தூரமாக இருந்தால் சொல்வேன். பக்கமாக இருந்தால் வாங்கி உள்ளே போட்டுக்கொள்வேன்.

பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊரில், ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் கீழே லேபிள் அச்சடிக்கும் பட்டறை, மேலே எழுபது நாற்காலி போட்ட ஒரு சின்ன சினிமா அரங்கு. இரண்டும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியுடையவை. மூத்தவரைப் பெரிய பாய் என்போம், இளையவரைச் சின்ன பாய் என்போம். சின்ன பாய்க்கும் அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது. பட்டறைக்குப் பெரிய பாய், அரங்குக்குச் சின்ன பாய் என்று பேச்சு. நான் கீழே லேபிள் மெஷின் ஓட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை மேலே டிக்கெட் கிழிப்பேன். கணவர் சாயப்பட்டறை வேலை, இரண்டு பிள்ளைகள், என் மெஷின் மேல் ஒரு முருகன் படம், பக்கத்துச் சுவரில் பாய் மாட்டிய மெக்கா படம். பத்து வருஷம் அப்படி ஓடியது. இன்னொரு தகவல், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சின்ன பாயிடம் வேலை செய்தவர்களில் அவரை எதிர்த்துப் பேசியது நான் ஒருத்திதான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அது பொய். எல்லோரும் பேசுவார்கள். நான் அவர் காதில் விழும்படி பேசுவேன், அவ்வளவுதான்.

சின்ன பாய்க்கு இருட்டு வேண்டும். படத்தைவிட இருட்டின் மேல்தான் அவருக்கு ஆசை என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். மூடின தியேட்டர் ஒன்றிலிருந்து நாற்காலிகளை வாங்கி வந்து போட்ட முதல் வாரமே ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். அது போதவில்லை என்று ரெக்சின் ஒட்டினார். பிறகு கதவின் சாவித்துவாரம் வழியாக ஒரு கீற்று வருகிறது என்று கண்டுபிடித்து, அதில் பனியன் வேஸ்டை, வெட்டிப்போட்ட துணிக் கழிவை, சுருட்டித் திணித்தார். படம் ஓடும்போது யாராவது போனை எடுத்தால் வந்து பக்கத்தில் நிற்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார், நிற்பார். அவர்களாகவே கூசிப்போய் உள்ளே வைத்துவிடுவார்கள். பேசுகிறவர்கள் பக்கமும் இதே வைத்தியம்தான். குழந்தை அழுதால் மட்டும் விட்டுவிடுவார். "அழுவட்டும் அம்மணி, அதுக்கென்ன வெளிச்சமா இருக்குது?" என்பார். ஊரெல்லாம் ட்யூப்லைட்டுக்கு அடியில் நாள் முழுக்கத் தையலைப் பார்த்துப் பார்த்துக் கண் காய்ந்துபோன ஜனங்கள், வாரத்தில் இரண்டு மணி நேரம் அவர்களை இருட்டில் உட்கார வைக்க வேண்டும், அதுதான் தன் வேலை என்று அவர் நினைத்தார். எனக்கு அன்று அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

ஒவ்வொரு மாதமும் வரப்போகும் காட்சிகளின் பட்டியலை லேபிள் துணியிலேயே அச்சடித்துக் கொடுப்பது அவர் போட்ட பழக்கம். வாட்ஸப்பிலும் அனுப்புவோம். ஆனால் போனில் வந்தது போனிலேயே போய்விடும், துணியில் வந்தது கையில் நிற்கும் என்பது அவர் கணக்கு. முதல் ஞாயிறு தமிழ் எழுத்தோடு ஒரு வெளிநாட்டுப் படம், இரண்டாம் ஞாயிறு இந்தியோ ஒடியாவோ, மூன்றாம் ஞாயிறு குழந்தைகள் படம், பின்வரிசையில் தொட்டில் கட்டக் கம்பி உண்டு, இப்படிப் போகும். ஜனங்கள் அதை டிபன் கேரியர் கைப்பிடியில் கட்டினார்கள், வண்டிச் சாவியில் கோத்தார்கள், பெண்பிள்ளைகள் ஜடையில்கூட முடிந்தார்கள். கரண்ட் போனாலும், மூன்று பேர்தான் வந்தாலும், காட்சி நடக்கும். "நோட்டீஸ்ல போட்டா நடந்தாவணும். இல்லீன்னா போடவே கூடாது" என்பார். ஒரு ஞாயிறு மழையில் நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்கு மட்டும் முழுப் படத்தையும் ஓட்டினார். எனக்குத் தூக்கம் வந்தது. அவர் பின்னால் உட்கார்ந்திருந்ததால் தூங்கவும் முடியவில்லை.

பெரிய பாய்க்கு இதெல்லாம் பிடிக்காது. சினிமாவே பிடிக்காது. ஐந்து வேளை தொழுகை, மிச்ச நேரம் பட்டறை, அதுதான் அவர். தம்பி மேல் உயிர், தம்பியின் மாடி மேல் எரிச்சல். கம்பெனி ஆர்டர் நிற்கும்போது சினிமா நோட்டீஸ் ஓட்டினேன் என்று இரண்டு முறை சண்டை வந்தது. இரண்டாவது முறை எங்கள் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார். "மாடியால கீழ ஒரு தப்பு வரட்டும். அன்னிக்கே மேல பூட்டு." சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நாங்கள் மதித்திருக்கமாட்டோம். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னதை மாற்றி எங்களில் யாரும் பார்த்ததில்லை.

அந்தத் தப்பை நான்தான் செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை குழந்தைச் சட்டை ஆர்டருக்கு லேபிள் ரோல்கள் ஓட்டி முடித்தேன். மெஷின் சூடாக இருக்கும்போதே அடுத்த மாத நோட்டீஸையும் ஓட்டிவிடலாம் என்று அதையும் ஓட்டினேன். இரண்டும் வெள்ளை சாட்டின், ஒரே அகலம், ஒரே சைஸ் ரோல். எந்த ரோல் எது என்று ஸ்டிக்கர் ஒட்டும்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன், சின்னவன் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான் என்று. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒட்டினேன். இரண்டு வயசு சைஸுக்குப் போகவேண்டிய ஸ்டிக்கரை நோட்டீஸ் ரோலில் ஒட்டிவிட்டேன். கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். சனிக்கிழமை முழுக்கத் தைத்தார்கள். ஆயிரத்து இருநூறு குழந்தைச் சட்டைகளின் விலாவுக்குள், எங்கள் அடுத்த நான்கு ஞாயிறுகளின் காட்சி நேரம் பதிந்துவிட்டது.

ஒருத்தர்கூடவா பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். எல்லோரும் பார்த்தார்கள். தைத்தவர்கள் பீகார், ஒடிசா பையன்கள். பிரெஞ்சு, அரபி, ரஷ்யன் என்று தினம் ஒரு எழுத்தில் லேபிள் வைத்துத் தைக்கிறவர்களுக்குத் தமிழும் ஏதோ ஒரு நாட்டு எழுத்து. சரி, செக்கிங்கில் இருந்த நம் ஊர்ப் பெண்கள்? அவர்களும் விட்டுவிட்டார்கள். லேபிள் நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா, தையலுக்குள் அரை இஞ்ச் போயிருக்கிறதா, இதுதான் செக்கிங். அதைப் படிப்பது யார் வேலையும் இல்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்குக் குண்டடம் ஊர்க்காரரான ஒரு செக்கிங் அக்கா, எங்கள் அரங்குக்கு வாடிக்கையாக வருகிறவர், மறுநாள் என்ன படம் என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டே கையில் இருந்த சட்டையைத் திருப்பியவர், கேட்டதற்குப் பதில் அதற்குள்ளேயே இருப்பதைப் பார்த்தாராம். சட்டையோடு பட்டறைக்கு ஓடி வந்து, "ஏனுங்க பாய், நம்ம சினிமா நோட்டீஸ் பாப்பா சட்டைக்குள்ள இருக்குதுங்க" என்று மூச்சு வாங்கினார். நான் நோட்டீஸ் என்று எடுத்துவைத்திருந்த ரோலைப் பிரித்தேன், அதில் துவைக்கும் விவரம் இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி. கம்பெனி மேனேஜர் போனில் கத்தியது மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சட்டையின் விலாவில் இரண்டு இஞ்ச் பிரித்து, தப்பு லேபிளை எடுத்து, சரியான லேபிளை வைத்து மறுபடி தைக்க வேண்டும். தைக்க நாலு டெய்லர்கள் கம்பெனி ரூமிலேயே தங்கியிருந்தார்கள். பிரிக்கத்தான் ஆள் இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கியவுடன் பாதிப் பேர் பொங்கலூர், தாராபுரம் என்று ஊர் பக்கம் பஸ் ஏறிவிடுவார்கள், மீதிப் பேர் ஞாயிறு என்றால் போனையே எடுக்கமாட்டார்கள். பெரிய பாய் சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நிதானமாக நாலு வாரத்து நிகழ்ச்சியையும் படித்தார். "நாளைக்கு மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வர்றேன். வரும்போது பூட்டோட வர்றேன்" என்று சொல்லிவிட்டு அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். தப்பு என்னுடையது, வேலையைவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று நான் அழுதேன். சின்ன பாய் என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அதுல தேதியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கியா அம்மணி?" அழுகையோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வழி சொன்னது செக்கிங் அக்காதான். "நாளைக்குப் பதனோரு மணிக்கு எழுவது பேரு வருவாங்கல்லொ. அத்தனை பேரும் கம்பெனிக்காரங்க. படம் பாக்கறப்ப கை சும்மாத்தானுங்க இருக்கும்?" என்றார். எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. சின்ன பாய் மட்டும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். இருட்டில் நூல் வெட்டும் குட்டிக் கத்தரியான டிரிம்மரை வைத்துப் பிரித்தால் துணி கிழியும், ஒரு சட்டை கிழிந்தாலும் போச்சு என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் லைட் போட வேண்டும். காட்சியை ரத்து செய்துவிட்டு வெறும் வேலையாகச் செய்யலாமே என்று நான் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். நோட்டீஸில் போட்டாகிவிட்டது, வாட்ஸப்பிலும் போய்விட்டது. அரங்கைக் காப்பாற்ற வேண்டுமானால் அரங்கில் வெளிச்சம் போட வேண்டும், அந்த மனுஷனுக்கு இதைவிடக் கொடுமை ஒன்று இருந்திருக்க முடியாது. எழுந்து வந்து, "கடையில போயி டிரிம்மர் அம்பது வாங்கிட்டு வா" என்றார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அரங்கு நிறைந்திருந்தது. சின்ன பாய் திரைக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை, பட்டறையில் தப்பாகிவிட்டது என்றுதான் சொன்னார். விருப்பம் இல்லாதவர்கள் அடுத்த வாரம் வரலாம் என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் வரிசை வரிசையாகச் சட்டைகளைக் கொடுத்துப் போனேன். எல்லா ட்யூப்லைட்டும் எரிந்தது, படம் ஆரம்பித்தது. திரையில் ஏதோ நிழல் அசைவதுதான் தெரிந்தது. அது வெளிநாட்டுப் படம், கீழே தமிழில் எழுத்து வரும், வெளிச்சத்தில் அந்த எழுத்தும் வெளுத்துவிட்டது. தெரிந்தாலும் படிக்க ஏது நேரம், எல்லோர் தலையும் குனிந்திருந்தது. ஐந்து நிமிஷம் அப்படியே போனது. பிறகு சின்ன பாய் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தப் பொண்ணு தபால் குடுக்கறவ. மலையூரு. பனி பெய்யுது. கையில ஒரு கடுதாசி வெச்சிருக்கா" என்று ஆரம்பித்தார்.

அரங்கில் முணுமுணுத்தால் வந்து நிற்கிற மனுஷர் இரண்டு மணி நேரம் நிற்காமல் பேசினார். தமிழில் ஒரு முறை, வடக்கத்திப் பையன்களுக்காகச் சந்தை இந்தியில் ஒரு முறை. கடிதத்துக்கு உரியவன் ஊர் மாறிக்கொண்டே இருக்கிறான், அவள் விடாமல் தேடிப் போகிறாள், அதுதான் கதை. ஆரம்பத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னார். போகப்போக அவருக்கே சூடு ஏறிவிட்டது. "போவாத, அந்தப் பாலம் சரியில்ல" என்று அவளிடமே சொன்னார். அரங்கு முழுக்கச் சிரிப்பு. பையன்கள் பிரித்த சட்டைகளைக் கூடையில் அள்ளி அடுத்த சந்தில் இருந்த கம்பெனிக்கு ஓடினார்கள். என் மடியில் வெள்ளை லேபிள்கள் குவிந்தன.

பன்னிரண்டே முக்காலுக்குப் பெரிய பாய் வந்தார். கையில் புதுப் பூட்டு, அட்டை பிரிக்காதது. கதவைத் திறந்தவர் வெளிச்சத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தம்பியின் அரங்கை வெளிச்சத்தில் அவர் பார்த்ததே இல்லை. யாரும் அவரைக் கவனிக்கவில்லை. செக்கிங் அக்கா மட்டும் நகர்ந்து இடம் விட்டு, ஒரு சட்டையையும் நீட்டினார். மறுப்பார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார், கண்ணாடியை மாட்டினார், பிரித்தார். அவர் வேகம் எங்களில் பாதிப் பேருக்கு வராது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் விரலை நானே குத்திக்கொண்டேன். கடைசிச் சட்டை போனபோது படம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. எல்லோரும் சும்மா உட்கார்ந்து கதை கேட்டார்கள். முடிந்தது, ஜனம் எழுந்தது. பெரிய பாய் எழுந்திருக்கவில்லை. பூட்டு மடியிலேயே இருந்தது. தம்பியைப் பார்த்து, "நான் பாதியில வந்தேன். அந்தக் கடுதாசிய யாரு எழுதுனது?" என்றார். சின்ன பாய் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னார். அந்தப் பூட்டை இன்றும் எங்கள் பட்டறை அலமாரிக்குப் போட்டிருக்கிறோம். மாடிக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. திங்கட்கிழமை லாரியும் சரியான நேரத்துக்குப் போனது.

அது அதோடு முடிந்திருக்கும். ஆனால் செக்கிங் அக்கா அடுத்த வாரம் நாலைந்து பெண்களோடு வந்தார். இவர்கள் வீட்டில் இருந்தபடியே சட்டைக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பவர்கள், ஞாயிறும் அவர்களுக்கு வேலை நாள்தான். "அன்னிக்கு மாதிரி லைட் போட்டீங்கன்னா இவங்களும் மூட்டையத் தூக்கிட்டு வந்துருவாங்க. கல்யாணம் ஆனதுக்கப்பறம் படமே பாக்கலீங்க இவங்கெல்லாம்" என்றார். சின்ன பாய் முகத்தைச் சுளித்தார். அடுத்த மாத நோட்டீஸில் கடைசி ஞாயிறுக்கு நேரே 'அரங்கில் விளக்கு எரியும்' என்று அவரே எழுதிக் கொடுத்தார்.

எட்டு வருஷம் நடந்தது. ஒவ்வொரு மாதமும் குறைப்பட்டுக்கொண்டேதான் நடத்தினார். "சினிமாவ ரேடியோ ஆக்கிட்டீங்களே" என்பார். பிறகு பக்கத்தில் நின்று உயிரைக் கொடுத்துக் கதை சொல்வார். முடிந்ததும் கெஞ்சுவார். "ஒரே ஒருக்கா மூட்டைய ஊட்ல வெச்சுட்டு வாங்க. இருட்டுல உக்காந்து பாருங்க. அது வேற." அக்காமார் விடுவார்களா? "அன்னிக்குக் கூலி நீங்க குடுப்பீங்களா பாய்?" என்பார்கள். அவரும் சிரிப்பார். நானும் அவர்கள் பக்கம் சேர்ந்து கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அடக்கம். அந்த ஞாயிறு மாதத்தின் கடைசி ஞாயிறு. சனிக்கிழமை பெரிய பாயிடம் போய், காட்சியை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். அழுதழுது அவர் கண் வீங்கியிருந்தது. "நோட்டீஸ் குடுத்தாச்சா?" என்றார். "குடுத்தாச்சுங்க" என்றேன். "அப்ப நடத்து அம்மணி. நிறுத்துனா எந்திரிச்சு வந்துருவான்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிறு பத்தரைக்கே எல்லா ட்யூப்லைட்டையும் போட்டேன். கதை சொல்ல ஆள் இல்லை, நான்தான் சொல்ல வேண்டும் என்று படத்தை முந்தின நாள் பார்த்துவைத்திருந்தேன். எப்படிச் சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. அக்காமார் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, யார் கையிலும் மூட்டை இல்லை. ஒரு டிரிம்மர்கூட இல்லை. எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். செக்கிங் அக்கா திரும்பி, "லைட்ட அணைச்சிரு கண்ணு" என்றார். நான் நின்றேன். "அணைச்சிரு. எத்தனை வாட்டி கேட்டிருப்பாரு" என்றார்.

அணைத்தேன். கதவை மூடினேன், சாவித்துவாரத்தில் பனியன் வேஸ்டைத் திணித்தேன். கதவோரத்து நாற்காலியில் பெரிய பாய் வந்து உட்கார்ந்தார். நான் கதை சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு மணி நேரம் ஒரு போன் எரியவில்லை. பாதிப் படத்துக்குமேல் நான் பார்க்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன். இருட்டு என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்கும் தெரியாது.

அடுத்த மாதத்திலிருந்து மூட்டைகள் திரும்ப வந்துவிட்டன. கூலி வேண்டுமே, வராமல் என்ன செய்யும்? கடைசி ஞாயிறுகளில் லைட் எரிகிறது, பக்கத்தில் நின்று நான் கதை சொல்கிறேன். என் இந்தியைக் கேட்டுப் பையன்கள் சிரிக்கிறார்கள். நோட்டீஸையும் நானே எழுதி நானே ஓட்டுகிறேன், ஸ்டிக்கர் ஒட்டும்போது போனை எடுப்பதில்லை. பையில் இருக்கும் லேபிள் அந்த ஞாயிற்றுக்காக அச்சடித்தது, அவர் கைப்பட எழுதிக் கொடுத்த கடைசி நோட்டீஸ். 'அரங்கில் விளக்கு எரியும்' என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது. நோட்டீஸில் போட்டபடி எங்கள் அரங்கில் நடக்காத காட்சி அது ஒன்றுதான்.